உல்சான்: மணல் கரையில் 27 மாதத்தில் தளமும் கப்பலும் சேர்ந்து எழுந்தது எப்படி?

முத்தையாபுரம் மாணவன்:

வணக்கம். தூத்துக்குடியில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், இயந்திரவியல். கப்பல் கட்டும் தளம் அமைப்பது தொடர்பாக 2025 டிசம்பரில் தென்கொரியாவின் ஹெச்டி ஹூண்டாய் குழுமம் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து எங்கள் வகுப்பில் இதே பேச்சுதான். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சுங் ஜு யுங், கப்பல் படம் போட்ட 500 வோன் நோட்டைக் காட்டியே வெளிநாட்டில் கடன் வாங்கினார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கப்பலே கட்டியிராத ஒருவர், தளமே இல்லாத இடத்தில், இரண்டே கால் வருடத்தில் தளத்தையும் கப்பலையும் ஒன்றாகக் கட்டி முடித்தார் என்கிறார்கள். என் அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். "ஒரு வார்ஃப் கட்டவே எத்தனை வருடம் ஆகிறது என்று நான் பார்த்திருக்கிறேன், கதை விடுகிறார்கள்" என்கிறார்.

இது உண்மையா? உண்மை என்றால் எப்படி முடிந்தது? தளத்துக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாலிநோக்கத்தார்:

தம்பி, நான் கப்பல் உரிமையாளர் தரப்பு மேற்பார்வைப் பொறியாளராக 2006 முதல் 2008 வரை, தென்கொரியாவில் ஹூண்டாயின் தளம் இருக்கும் உல்சானில் இருந்தேன். மூன்று எண்ணெய்க் கப்பல்கள், முதல் தகடு வெட்டிய நாளிலிருந்து ஒப்படைத்த நாள் வரை. பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் நோட்டுக் கதை. 1971இல் சுங் லண்டனுக்குப் போனார். ஏ அண்ட் பி ஆப்பிள்டோர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் தலைவர் லாங்பாட்டமிடம் 500 வோன் நோட்டில் இருந்த ஆமைக் கப்பலைக் காட்டி, "நாங்கள் 1500களிலேயே இரும்புக் கவசம் போட்ட கப்பல் கட்டியவர்கள்" என்றார். அவரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. ஆனால் அந்த நோட்டு அவருக்குப் பெற்றுத் தந்தது ஒரு பரிந்துரைக் கடிதத்தை மட்டும்தான். பார்க்ளேஸ் வங்கி கடன் தர இசைந்தாலும், பிரிட்டிஷ் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதத் துறை ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் கட்டும் கப்பலை வாங்கப்போவது யார்? தளம் இல்லாமல் ஆர்டர் வராது, ஆர்டர் இல்லாமல் கடன் வராது, கடன் இல்லாமல் தளம் வராது. அந்த முடிச்சை அவிழ்த்தவர் கிரேக்கக் கப்பல் முதலாளி ஜார்ஜ் லிவானோஸ். தளம் வரவிருந்த உல்சானின் மிப்போ விரிகுடா மணல் கரையின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு 2,60,000 டன் எண்ணெய்க் கப்பல்கள் இரண்டுக்கு ஆர்டர் கொடுத்தார். அவருக்கு மலிவான விலை கிடைத்தது, சுங்குக்குக் கடன் கிடைத்தது.

1972 மார்ச்சில் பூமி பூஜை. 1974 ஜூன் 28 அன்று தளத்தின் நிறைவு விழாவும் கப்பலின் பெயர்சூட்டு விழாவும் ஒரே மேடையில். ஆக, 27 மாதம் என்பது உண்மை, அப்பாவிடம் சொல்லுங்கள். உலர்துறையை, அதாவது தண்ணீரை அடைத்துவிட்டு உள்ளே கப்பல் கட்டும் பெரும் பள்ளத்தை, தோண்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் தகடு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். உலர்துறை முடியும்வரை காத்திருந்தால் லிவானோஸுக்குக் கொடுத்த தேதி போய்விடும்.

காணொளிகள் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. எனக்கு நோட்டுக் கதையை விட அதுதான் பெரிது. அந்த முதல் கப்பலின் வரைபடம் ஸ்காட்லாந்தின் ஸ்காட் லித்கோ நிறுவனத்துடையது. ஹூண்டாய் ஆட்கள் அங்கே போய்ப் பயிற்சியும் பெற்றார்கள். ஸ்காட் லித்கோவின் கட்டுதளம் சிறியது, ஆகவே அவர்கள் பெரிய கப்பலை இரண்டு பாதியாகக் கட்டி, பிறகு இணைப்பார்கள். உல்சானில் தோண்டியதோ முழுக் கப்பலும் அடங்கும் உலர்துறை, பாதி பாதியாகக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் வரைபடம் அப்படி இருந்ததால் அப்படியே கட்டினார்கள். கடைசியில் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சரிசெய்து முடிக்க நிறைய நாள் பிடித்தது.

ஏன் பொருந்தவில்லை என்பது புரிந்துவிட்டால் கப்பல் தளம் என்றால் என்ன என்பது உனக்குப் பாதி புரிந்துவிடும்.

எஃகுத் தகடு வந்ததும் அதன்மேல் சின்ன உலோக மணிகளை வேகமாக வீசித் துருவை உதிர்த்து, மெல்லிய பூச்சு அடித்து, கணினி வழிகாட்ட வெட்டுகிறார்கள். வெட்டிய துண்டுகளோடு எலும்புச் சட்டங்களைச் சேர்த்துப் பற்றவைத்தால் ஒரு பிளாக். நாலு பிளாக்குகளைச் சேர்த்தால் பெரிய பிளாக். அதற்குள்ளேயே குழாய், ஏணி, கேபிள் தட்டு எல்லாம் முன்கூட்டியே மாட்டிவிடுவார்கள். தரையில் தலைகீழாகக் கிடக்கும்போது பற்றவைப்பது எளிது, உலர்துறைக்குள் சாரத்தில் ஏறி அண்ணாந்து பற்றவைப்பது கடினம். எந்த வேலையையும் எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு முன்னால் தள்ள வேண்டும். பிறகு எண்ணற்ற சக்கரங்கள் கொண்ட வண்டி ஒன்று, வீடு நகர்வது போல, அந்தப் பிளாக்கை உலர்துறைக்குக் கொண்டுவரும். உலர்துறையின் இரு பக்கமும் கால் ஊன்றி நிற்கும் ராட்சத கோலியாத் கிரேன் தூக்கி இறக்கும்.

ஆனால் இரும்பு சும்மா இருப்பதில்லை. பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கும், தகடு வளையும். ஒவ்வொரு பிளாக்கிலும் சில மில்லிமீட்டர் தவறினால் முந்நூறு மீட்டர் கப்பலில் அது எங்கே போய் நிற்கும்? வெயிலும் விடாது. நண்பகலில் மேல்தளம் சூடேறி நீளும், அடித்தளம் குளிர்ந்தே இருக்கும், கப்பல் முழுவதுமே வளையும். ஆகவே முக்கியமான அளவுகளை எடுப்பது இரவில் அல்லது விடியும் முன்பு. நள்ளிரவு தாண்டி, ஜனவரிக் குளிரில், உலர்துறையின் அடியில் நின்று ஒரு கொரிய அளவைக்காரர் கருவியில் கண் வைத்து எண்ணைப் படிக்க, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் அதைத் திரும்பச் சொல்ல, மூவரின் மூச்சும் ஆவியாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். ஒரு எண்ணில் சந்தேகம் வந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. 1974இல் பொருந்தாத பாதிகளிலிருந்து இந்த மனிதர் வரைக்கும் வந்த வழிதான் அந்த நிறுவனத்தின் வரலாறு என்பேன்.

நெய்தல்:

ஐயா எழுதியது அருமை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சுங்கின் துணிச்சலை மட்டும் சொன்னால் நம் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். பின்னால் அதிபர் பார்க் சுங் ஹீயின் அரசு இருந்தது, வெளிநாட்டுக் கடனுக்கு அது துணை நின்றது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் பெரிய எண்ணெய்க் கப்பல்களை யாரும் சீந்தவில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். கட்டி முடித்த மூன்று கப்பல்கள் ஹூண்டாயின் தலையில் விழுந்தன. அவற்றைக் கொண்டே 1976இல் சொந்தக் கப்பல் போக்குவரத்து நிறுவனம் தொடங்கினார்கள், இன்றைய ஹெச்எம்எம் அதுதான். கொரியாவுக்கு வரும் கச்சா எண்ணெயைக் கொரியக் கப்பல்களில்தான் கொண்டுவர வேண்டும் என்று அரசு சொன்னதால்தான் அவற்றுக்குச் சரக்கு கிடைத்தது. அரசின் கை இல்லாமல் அந்தத் தளம் இரண்டாவது வருடத்தைத் தாண்டியிருக்காது.

தொழிலாளர் கதையும் இருக்கிறது. 1987 வரை அங்கே சுதந்திரமான சங்கம் கிடையாது. 1990இல் வேலைநிறுத்தக்காரர்கள் 82 மீட்டர் உயர கோலியாத் கிரேன் மேல் ஏறி உட்கார்ந்து போராடினார்கள். 27 மாதம் என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த 27 மாதமும் இரவு பகலாக உழைத்தவர்களின் கணக்கையும் சொல்ல வேண்டும்.

வாலிநோக்கத்தார்:

நெய்தல் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அரசின் பங்கை நான் சொல்லாமல் விட்டது பிழை.

தொழிலாளர் விஷயத்தில் என் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர ஊழியர்களை விட ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் அதிகமாக இருப்பது கொரியத் தளங்கள் எல்லாவற்றிலும் வழக்கம். ஆபத்தான வேலை பெரும்பாலும் அவர்களுக்கே போகிறது. பிற்பாடு வேறொரு நாட்டில், வேறொரு தளத்தில் நான் வேலை பார்த்தபோது, காற்றுச் சோதனை செய்யாத தொட்டிக்குள் ஒப்பந்தப் பெயின்டர் ஒருவர் இறங்கி மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, நுழைவாயிலில் அன்றைய தேதியிட்ட சோதனை அட்டை தொங்காவிட்டால் நான் எந்தத் தொட்டிக்குள்ளும் கால் வைத்ததில்லை, என்னோடு வந்த இளைஞர்களையும் விட்டதில்லை. தம்பி, எந்தத் தளத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் இறங்காதே.

இன்னொன்று. உல்சானில் ஒரு கிரேன் நிற்கிறது, சுமார் 140 மீட்டர் உயரம், 1,500 டன் தூக்கும். அது ஸ்வீடனின் மால்மோ நகரில் காக்கம்ஸ் கப்பல் தளத்துக்குச் சொந்தமாக இருந்தது. அந்தத் தளம் நொடித்துப்போன பிறகு, கழற்றி எடுத்துப்போகும் செலவை ஏற்றுக்கொண்டு 2002இல் ஒரே ஒரு டாலருக்கு ஹூண்டாய் வாங்கியது. கொரியர்கள் அதை 'மால்மோவின் கண்ணீர்' என்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் இசை போட்டு எல்லோரும் உடற்பயிற்சி செய்யும்போது அந்தக் கிரேனின் நிழல் எங்கள் மேல் விழும். ஐரோப்பாவிடமிருந்து ஜப்பானுக்குப் போன தொழில் கொரியாவுக்கு வந்தது, இப்போது சீனா அதிகம் கட்டுகிறது. 2014இல் ஹூண்டாயே கடல் எண்ணெய் மேடைத் திட்டங்களில் சிக்கி 3 டிரில்லியன் வோனுக்கு மேல் நட்டப்பட்டது. குன்சானில் இருந்த இன்னொரு தளத்தை 2017இல் மூடி, ஐந்து வருடம் கழித்துத்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஊர்க் கடைக்காரர்களுக்கு அந்த ஐந்து வருடம் எப்படிப் போயிருக்கும் என்று தூத்துக்குடியில் இருப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நீ என்ன கற்க வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உன் பாலிடெக்னிக் பட்டறையில் 6 மில்லிமீட்டர் தகடு ஒன்றை எடு. நடுவில் இன்னொரு பட்டையைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் நீளமாகப் பற்றவை. ஆறிய பிறகு நேர்விளிம்பு (நேரான உலோகப் பட்டை) வைத்து எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று அளந்து எழுது.

முத்தையாபுரம் மாணவன்:

ஐயா, நேற்று செய்துவிட்டேன். பட்டறை ஆசிரியர் அனுமதி கொடுத்தார். 30 சென்டிமீட்டர் அகலத் தகடு. பற்றவைத்த பக்கத்து ஓரம் 4 மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட்டது. பட்டையும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தபோது நேராகத்தான் தெரிந்தது, நேர்விளிம்பு வைத்ததும்தான் இடைவெளி தெரிந்தது. அப்பாவிடம் காட்டினேன். லாரி சேசிஸ் பற்றவைக்கும்போதும் இப்படித்தான் இழுக்கும், அதனால்தான் மேஸ்திரி விட்டு விட்டுப் பற்றவைப்பார் என்றார். 27 மாதக் கதையை இப்போது கொஞ்சம் நம்புகிறார்.

வாலிநோக்கத்தார்:

உன் அப்பா சொன்ன மேஸ்திரி விஷயம் தெரிந்தவர். நாளை இன்னொரு தகடு எடு. பட்டையின் இரு பக்கமும் மாறி மாறி, நடுவிலிருந்து வெளியே, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பற்றவை. மறுபடி அள. அதன்பிறகு கேஸ் டார்ச்சால் தகட்டின் மேல் ஒரு கோடு சூடாக்கிப் பின்னாலேயே தண்ணீர் ஊற்றி, வளைந்ததை நிமிர்த்த முடிகிறதா பார். உல்சானில் கப்பல் மூக்கின் வளைவை அப்படித்தான் கையால் எடுக்கிறார்கள். ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய். மூன்று அளவுகளையும் இங்கே எழுது, பார்க்கிறேன்.