காகிதக் கூழ் கொலு பொம்மையில் பூஞ்சை, வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் இருக்கிறோம். இந்த நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் புதுப் பொம்மை வாங்காமல், கொலுப்படிக்குப் பக்கத்தில் மெரினா கடற்கரையை நாங்களே செய்து வைப்பதாக வீட்டில் முடிவு. கலங்கரை விளக்கம், சுண்டல் விற்கிறவர், பஞ்சுமிட்டாய்க்காரர் எல்லாம் காகிதக் கூழில். முறத்துக்குப் பூச மாமியார் அரைக்கிற அதே பக்குவம்தான்: ஊறிய செய்தித்தாளோடு வெந்தயத்தையும் சேர்த்து மையாக அரைப்பது. பெண்ணுக்கு முழங்கை வரை கூழ், வீடு முழுக்க வெந்தய வாசனை. கொலுவை விட இதுதான் ஜாலி என்கிறாள்.

சிக்கல் என்னவென்றால், நம்ம ஊர்க் காற்றின் ஈரத்தில் உள்பக்கம் காய மாட்டேன் என்கிறது. சுண்டல்காரர் முதுகில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. புத்தக பைண்டிங் பசையில் பூஞ்சை வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம், குழந்தை கை வைக்கிற வேலைக்கு வேண்டாம். கிராம்பு எண்ணெய், உப்பு என்று யாராவது போட்டுப் பார்த்தீர்களா? உள்ளே கூடாக விட்டுச் செய்தால் சீக்கிரம் காயுமா? அப்புறம், பெயின்டுக்கு முன்னால் வெள்ளை பூச வேண்டுமா?

மொட்டைமாடியில் வெயில் இருக்கும்போதே முடித்தாக வேண்டும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான். கைவேலை தெரிந்த அக்காக்கள், அண்ணன்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.