உறைபனிக்கு முன் பல்லாண்டுப் பூச்செடி நடுதல்: ரொறன்ரோப் பக்க அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து

செப்டெம்பர் கடைசியில் நேசறிகளில் செடிகள் அரைவிலைக்கு வரும். இலை கருகி, தண்டு காய்ந்து, ஒன்றுக்கும் உதவாது போல நிற்கும். இலையை விடுங்கள், சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெளிர் நிறமாக, விறைப்பாக இருந்தால் வாங்கலாம். கொழகொழத்து அழுகல் மணம் வந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

காற்று குளிர்ந்தாலும் மண் சூடு உடனே இறங்காது. மேலே வளர்ச்சி நின்ற பிறகும் கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும். நிலம் உறைய 6 கிழமை இருக்கும்போதே நட்டு முடிக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒக்டோபர் நடுப்பகுதியோடு நிறுத்துவது நல்லது. ஒட்டாவாக்காரர் இரண்டு கிழமை முந்துங்கள்.

வேர் சாடிக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக 3, 4 இடத்தில் 2 செ.மீ ஆழத்துக்குக் கத்தியால் கீறிவிடுங்கள். அப்படியே நட்டால் வேர் பழைய வட்டத்திலேயே சுற்றும், பக்கத்து மண்ணைப் பிடிக்காது.

மார்க்கம் நகரிலிருந்து

புது வீட்டுக்காரருக்கு ஒன்று. புல்லுக்குக் கீழே ஒரு சாண்கூட நல்ல மண் இராது, பிறகு தனிக் களி. குழிக்குள் மட்டும் நல்ல மண்ணைக் கொட்டினால் மழைத்தண்ணி சுற்றிலும் உள்ள களிக்குள் இறங்காமல் குழியிலேயே தேங்கும். குளிரைத் தாங்கும் செடியும் அந்த ஈரத்தில் அழுகிப்போகும். பாத்தி முழுக்க 5 செ.மீ கொம்போஸ்ற் பரப்பி 20 செ.மீ ஆழத்துக்குக் கிளறுங்கள். மணல் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: களியோடு கொஞ்சம் மணல் சேர்ந்தால் இன்னும் இறுகும்.

நைதரசன் உரம் இப்போது வேண்டாம். இளந்தளிர் விட்டால் முதல் உறைபனிக்கே கருகும்.

மிசிசாகாவிலிருந்து

பியோனிப் பூச்செடியைப் பிரித்து நட இதுதான் காலம். கிழங்கைக் கழுவினால் தலைப்பக்கத்தில் இளஞ்சிவப்பாய் முளைக்கண்கள் தெரியும். ஒரு துண்டில் 3 முதல் 5 கண் இருக்கட்டும். கண்ணுக்கு மேலே மண் 3 முதல் 5 செ.மீ, அதற்கு மேல் போகவே கூடாது. “இலை நல்லா வருது, பூ மட்டும் இல்லை” என்று கேட்பவர்களில் பலரின் வளவில் பிழை இந்த ஆழத்தில்தான். நட்டுத் தண்ணி விட்டதும் மண் இறங்கும், அப்போது விரலை விட்டு மறுபடி அளந்து பாருங்கள். செடிக்குச் செடி 90 செ.மீ.

தாடி ஐரிஸ் கிழங்கை இதைவிட மேலாக நட வேண்டும். கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும். ஆனால் அதை ஓகஸ்டிலேயே நட்டிருக்க வேண்டும்.

ஸ்காபரோவிலிருந்து மறுபடி

புதுச்செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை. பகலில் இளகி இரவில் உறையும் மண் விரிந்து சுருங்கி, வேர் பிடிக்காத செடியை மேலே தள்ளிவிடும். மார்ச்சில் பார்த்தால் செடியின் கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) வெளியே நிற்கும், வேர் காற்றில் காய்ந்திருக்கும். காலால் ஓங்கி மிதிக்காமல், கையால் மெதுவாக அமுக்கி மண் அணையுங்கள்.

இதைத் தடுக்கத்தான் மூடாக்கு, அதாவது மண்ணுக்கு மேலே பரப்பும் இலைப்போர்வை. அதை ஒக்டோபரிலேயே தடிப்பாகப் போட்டால் எலி குடியேறும், கழுத்து அழுகும். நிலத்தின் மேற்பரப்பு உறைந்த பிறகு 5 முதல் 10 செ.மீ போடுங்கள். மேப்பிள் இலையை முழுசாகக் கொட்டினால் நனைந்து பாயாய் ஒட்டிக்கொள்ளும். புல்லு வெட்டும் மெசினை இரண்டு தரம் மேலே ஓட்டி நொறுக்கினால் போதும்.

ஏஜக்ஸிலிருந்து

லவெண்டரை இந்த நேரம் நட வேண்டாம், மே மாதம் வரட்டும். ஹொஸ்டா, டேலிலி, சீடம் பயமில்லை. டிரைவ்வேக்குப் பக்கத்தில் பனி உருகப் போடும் உப்பு சேரும், அங்கே டேலிலி ஓரளவு தாங்கும்.

கறிவேப்பிலையும் பல்லாண்டுச் செடிதானே என்று ஒவ்வொரு வருசமும் யாராவது கேட்பார்கள். இங்கே இல்லை. இரவு 10 பாகைக்கு இறங்கும் முன்னமே சாடியோடு உள்ளே எடுங்கள்.

அணில் புதுமண்ணைக் கண்டால் கிண்டும். கோழிக்கூட்டுக் கம்பிவலையைப் பாத்திமேல் விரித்து ஓரத்தில் கல் வையுங்கள்.

மழை இல்லாத கிழமையில் தண்ணி 2.5 செ.மீ அளவுக்கு, நிலம் உறையும் வரை. நவம்பரில் வெளிக்குழாயைப் பூட்டித் தண்ணியை வடித்த பிறகு பலர் செடியையும் மறந்துவிடுகிறார்கள். வாளியில் கொண்டுபோய் ஊற்றுங்கள்.