பார்ட்டிசிபிள், அட்வெர்ப், பிரிபொசிஷன்: எது முன்னே, எது பின்னே?

கொழிஞ்சாம்பாறை டியூஷன்:
எங்கள் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் மீடியம் பிளஸ் டூ பசங்க 'மழையால் மோசமாகச் சேதமான ரோடு' என்பதை இங்கிலீஷில் 'தி பை ரெயின் பேட்லி டேமேஜ்ட் ரோடு' என்று எழுதுகிறார்கள். 'பேட்லி டேமேஜ்ட் ரோடு மட்டும் எப்படி சார் சரி?' என்று கேட்டால் என்ன சொல்வது? அப்புறம் 'கமிங் அவுட் ஆஃப் தி ஸ்கூல், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். இதை எப்படித் திருத்துவது?

சித்தூர் வாத்தியார்:
பசங்க கேட்டது நியாயம்தாங்க. தமிழில் அடைமொழி எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால்தான். மலையாளமும் அப்படியே, அதனால் அந்தப் பக்கமும் உதவி கிடைக்காது. இங்கிலீஷில் பார்ட்டிசிபிள் (வினையிலிருந்து வந்து அடைமொழியாக நிற்கும் 'டேமேஜ்ட்', 'கமிங்' போன்ற சொல்) தனியாகவோ 'பேட்லி' போன்ற ஓர் அட்வெர்போடோ நின்றால் பெயருக்கு முன் வரலாம். 'பை ரெயின்' போன்ற பிரிபொசிஷன் தொடர் ஒட்டியதும் மொத்தக் கட்டும் பின்னால் போக வேண்டும்: 'தி ரோடு பேட்லி டேமேஜ்ட் பை ரெயின்'. பாதியை முன்னே விட்டு 'தி பேட்லி டேமேஜ்ட் ரோடு பை ரெயின்' என்று எழுதினாலும் தப்பு. 'பை ரெயின்' பார்ட்டிசிபிளை விட்டுவிட்டு ரோட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

எச்சம்:
இரண்டாவது கேள்விக்கு: கமாவுக்குப் பின் வரும் எழுவாயைப் பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள், பள்ளியிலிருந்து வெளியே வந்தது மழையா? 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று தமிழில் காரணப் பொருளில் எழுவாய் மாறலாம். பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. திருத்த இரண்டு வழி. எழுவாயை மாற்றுங்கள்: 'கமிங் அவுட் ஆஃப் தி ஸ்கூல், வி காட் வெட்'. இல்லையென்றால் பார்ட்டிசிபிளையே விடுங்கள்: 'அஸ் வி கேம் அவுட் ஆஃப் தி ஸ்கூல், தி ரெயின் ஸ்டார்ட்டட்'. 'தி ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், வி லெஃப்ட்' போலத் தனி எழுவாய் வைப்பதும் சரியே. ஆனால் பேச்சில் அரிதாகவே வரும், பரீட்சைக்கு மட்டும் போதும்.

வாளையார் பேனா:
அட்வெர்ப் நடுவில் மாட்டிக்கொள்வதையும் காட்டுங்க. 'தி மென் லோடிங் தி லாரி க்விக்லி லெஃப்ட்': வேகமாக ஏற்றினார்களா, வேகமாகக் கிளம்பினார்களா? முதல் பொருளுக்கு 'க்விக்லி லோடிங் தி லாரி', இரண்டாவதற்கு 'லெஃப்ட் க்விக்லி'.

கொழிஞ்சாம்பாறை டியூஷன்:
கமாவுக்குப் பின் வரும் எழுவாயைப் பிடித்துக் கேட்பதென்றால் 'கன்சிடரிங் தி ஹீட், தி கிரவுட் வாஸ் பிக்' தப்பா?

எச்சம்:
தப்பில்லை. 'கன்சிடரிங்', 'ரிகார்டிங்' இரண்டும் பிரிபொசிஷனாகவே நிலைத்துவிட்டவை. அவற்றுக்கு எழுவாய் தேட வேண்டாம்.