கொடுமுடித் தையக்காரம்மா: ஞாபகம் இருப்பவர்கள் எழுதுங்கள்

போன மாதம் கொடுமுடி போயிருந்தேன். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் அந்தத் திண்ணை வீடு பூட்டிக் கிடந்தது. தையக்காரம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. பெயரை எழுதவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது தேவையும் இல்லை. உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள், முதலில் நான் சொல்கிறேன்.

அம்மா ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தையக்காரம்மா மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவார். மிதிதான் தாளம். நேர்த்தையல் என்றால் பாட்டு ஓடும், கை வைத்துத் தைக்கும் இடத்தில் நின்று நின்று வரும். திண்ணையில் காத்திருப்பவர்கள் சும்மா உட்கார முடியாது. அவர் ஒரு அடி எடுப்பார், அடுத்த அடியை நாம் வாங்கிப் பாட வேண்டும். பாடாவிட்டால் மிதி நின்றுவிடும். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. "ஒட்டுக்காப் பாடுங்க கண்ணு. நான் ஒருத்தியே கத்தறதுக்கு ரேடியோவ வெச்சுட்டுப் போலாமே?"

அரிசி மில்லில் வேலை பார்த்த கணவர் இறந்தபோது தையக்காரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மூன்று பிள்ளைகள். மெஷின் அதற்கப்புறம் வந்தது. அதற்கு முன்னால், பொங்கலுக்கு அடுத்து வரும் பூப்பறிக்கிற நோம்பிக்குப் பெண்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போனால், கும்மிக்கு முதல் அடி அவருடையதுதான் என்று அம்மா சொல்வார்.

பாடகி கே.பி. சுந்தராம்பாள் 1908இல் எங்கள் ஊரில் பிறந்தவர் என்பது தெரிந்த கதை. தையக்காரம்மா சொல்லும்போது அது வேறு கதையாகிவிடும். ரயிலில் பாடிக்கொண்டு போன சின்னப் பெண்ணில் ஆரம்பித்து, 1933இல் கணவர் கிட்டப்பா இறந்ததும் அந்த இளம் வயதில் வெள்ளைச் சேலை கட்டினதில் வந்து நிற்பார். "அந்தம்மா வெள்ளச் சேலையோடதான் மேடையேறுச்சு. மேல்சபைக்கே போச்சு. பின்னால போயி உக்காருன்னு யாராச்சும் சொன்னாங்களா?" கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடிப்பார்.

ஏன் கேட்டார் என்பது பெரியம்மா மகள் கல்யாணத்தில்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் சீர் செய்கிற அருமைக்காரி சுமங்கலியாக இருக்க வேண்டும். முன்வரிசையில் இருந்த பாதி ஜாக்கெட்டுகள் தையக்காரம்மா தைத்தவை. அவரோ சமையல் கொட்டகை ஓரமாக உட்கார்ந்திருந்தார். குடிமகன், அதாவது ஊர் நாவிதர், மங்கல வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் ஒரு அடி தடுமாறி நின்றார். கொட்டகைப் பக்கமிருந்து அந்த அடி வந்தது. அவரும் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் தையக்காரம்மா என்னிடம் சொன்னார்: "சீருக்கு நான் ஆகாது. என்ற ஜாக்கெட்டு மட்டும் ஆகுமாட்ட இருக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

—

ஈரோட்டிலிருந்து, கோயில் வீதிப் பையன்:

எங்களுக்கு அவர் மார்கழி டீச்சர். விடியும் முன்னால், குளிரில் பல் கிட்டிக்கொண்டிருக்கும்போது கோயில் வன்னிமரத்தடியில் நிற்க வேண்டும். சுந்தரர் எங்கள் ஊரில் பாடிய பதிகத்தில் கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் ஒரே மாதிரி முடியும்: உன்னை நான் மறந்தாலும் என் நாக்கு நமச்சிவாய என்று சொல்லும் என்று. அந்த முடிப்பு எங்களுக்கு, முன்னால் வருவதெல்லாம் அவருக்கு. இன்றைக்கும் எனக்கு முடிப்பு மட்டும்தான் தெரியும். எனக்குக் குரல் உடைந்த வருடம், பாடாதே என்று அவர் சொல்லவில்லை. ஜால்ராவைக் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கவிஞர் பெரியசாமித் தூரன் பாட்டுகளையும் சொல்லிக்கொடுத்தார். தூரனும் 1908தான், மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசு. "ஒரே வருசத்துல ரெண்டு பேரு. அந்த வருசம் காவேரித் தண்ணியில என்னத்தக் கலக்குனாங்களோ" என்பார்.

—

வெள்ளகோவிலிலிருந்து ஒரு பேத்தி:

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) இறந்தபோது தையக்காரம்மா பஸ் ஏறி வந்தார். கிணற்றுப் பங்குத் தகராறில் என் அம்மா ஆறு வருடமாக அமுச்சியோடு பேசவில்லை. சாவு வீட்டுக்கு வந்தும் தூணில் சாய்ந்துகொண்டு கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றார். பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து ஒப்பாரி ஆரம்பித்தார்கள். மூன்றாவது அடியில் தையக்காரம்மா கிணற்றைக் கொண்டுவந்தார். ஆத்தா வெட்டுன கிணறு, மக இறைக்காத கிணறு என்று ஏதோ வந்தது, வார்த்தை சரியாக நினைவில்லை. அப்புறம் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அடுத்த அடி அம்மாவுடையது. கூட்டமே காத்திருந்தது. அம்மா போய் விழுந்து பாடியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

இரண்டு பேர் பிணக்கை ஊர் நடுவில் போட்டு உடைக்க இவர் யார் என்று என் சித்தி இன்றைக்கும் திட்டுவார். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது.

—

கரூரிலிருந்து:

எல்லாம் சரிங்க. ஒரு தீபாவளிக்காவது ஜாக்கெட்டை நேரத்துக்குக் கொடுத்திருக்கிறாரா? எனக்கு ஒரு வருடம் மறுநாள் காலையில்தான் வந்தது. அதிலும் ஒரு கை இறுக்கம். கேட்டால், "அந்தக் கைக்குப் பாட்டு மாத்திட்டனுங்க, மிதி வேகமாயிருச்சு" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது!

—

மறுபடியும் நான்:

கரூர்க்காரம்மா, எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

ஈரோட்டுத் தம்பி எழுதியதைப் படித்ததும் இதையும் சொல்லத் தோன்றுகிறது. தையக்காரம்மா இறந்த அன்று நான் அங்கே இருந்தேன். வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் இரண்டாவது அடி தெரியும். முதல் அடி எடுக்க ஆள் இல்லை. ஒருத்தி எதையோ ஆரம்பித்து நடுவில் விட்டார், இன்னொருத்தி எடுத்தது வேறு ராகத்தில் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்று வெறும் அழுகை மட்டும் இருந்தது.

காரியம் முடிந்து கிளம்பும்போது அவருடைய மருமகள் பழைய அளவு நோட்டு ஒன்றைக் காட்டினார். வாடிக்கைக்காரர் ஒருவருக்கு ஒரு பக்கம். மார்பு, இடுப்பு, கை நீளம், முன்கழுத்து. கீழே காலியான இடத்தில் பாட்டு. எல்லாப் பக்கத்திலும் ஒரே ஒரு அடிதான் இருந்தது, பென்சிலில். முழுப் பாட்டு எங்கேயும் இல்லை. எங்கள் அம்மாவின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். கை 9, முன்கழுத்து 6½, அதன் கீழ் ஒரு கும்மியின் முதல் அடி.

முழங்கால் வலியால் சாவுக்கு வர முடியாமல் அம்மா கோவையில் இருந்தார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். பஸ் சோளங்காபாளையம் தாண்டும்போது பதில் வந்தது, குரலாகவே. காதில் வைத்துக் கேட்டேன். இரண்டாவது அடியிலிருந்து ஆரம்பித்திருந்தார்.