ஒரே பள்ளி மாவட்டம், ஐந்து உயர்நிலைப் பள்ளிகள்: எந்த மதிப்பெண்ணை நம்புவது?

கேள்வி
வணக்கம். டெக்சஸிலிருந்து கலிஃபோர்னியாவின் சன்னிவேலுக்கு மாறுகிறோம். மகள் அங்கே ஒன்பதாம் வகுப்பு சேர வேண்டும். ஃப்ரீமாண்ட் யூனியன் பள்ளி மாவட்டத்தில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) மான்டா விஸ்டா, லின்புரூக், கூப்பர்டினோ, ஹோம்ஸ்டெட், ஃப்ரீமாண்ட் என ஐந்து பள்ளிகள். வீடு தேடும் தளங்களில் முதல் இரண்டுக்கும் உச்ச மதிப்பு, ஃப்ரீமாண்டுக்குக் குறைவு. வாடகையும் அப்படியே ஏறுகிறது. உண்மையிலேயே இவ்வளவு வித்தியாசமா?

பதில் 1
அந்த ஒற்றை எண்ணை வைத்து வீடு பார்க்காதீர்கள். ஆங்கிலம், கணிதத்துக்கான மாநிலத் தேர்வை உயர்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்பில் மட்டுமே எழுதுகிறார்கள். அதில் வரும் சராசரி, பள்ளி எப்படிக் கற்பிக்கிறது என்பதோடு அங்கே யார் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஃப்ரீமாண்ட் பள்ளியில் வருமானம் குறைந்த குடும்பப் பிள்ளைகளும், ஆங்கிலத்தை இப்போதுதான் கற்றுவரும் பிள்ளைகளும் மற்ற நான்கைவிட அதிகம். மாநிலத்தின் தேர்வு முடிவுத் தளத்தில் பெற்றோரின் படிப்பு, குடும்ப வருமானம் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். உங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளை ஐந்து பள்ளிகளிலும் ஒப்பிடுங்கள். அதுதான் நியாயமான ஒப்பீடு.

அப்புறம், இந்த ஃப்ரீமாண்ட் பள்ளி சன்னிவேலில்தான் இருக்கிறது. ஃப்ரீமாண்ட் நகரத்தின் பள்ளி மாவட்டம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பதில் 2
கல்லூரியையும் யோசியுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், உயர்நிலைப் பள்ளியில் படித்திருக்க வேண்டியவை என 'ஏ-ஜி' என்ற பட்டியலில் 15 ஓராண்டுப் பாடங்களைக் கேட்கிறது. அவற்றில் 11ஐ கடைசி ஆண்டுக்கு முன்பே முடிக்க வேண்டும். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. தகுதியுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 9 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு, இடமிருக்கும் ஏதாவது ஒரு வளாகத்தில் சேர்க்கை உறுதி. போட்டி கடுமையான பள்ளியில் அந்த 9 சதவீதத்துக்குள் வருவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். பதினான்கு வயதுப் பிள்ளையின் தூக்கமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. மகள் அல்ஜீப்ரா 1 (இயற்கணிதத்தின் முதல் பாடம்) முடிக்கப்போகிறாள். கணிதத்தில் திரும்ப அதிலேயே போட்டுவிடுவார்களா?

பதில் 1
அதை இப்போதே கேளுங்கள், பள்ளி எதுவானாலும். ஒன்பதாம் வகுப்பில் யாருக்கு எந்தக் கணிதம் என்பதற்கு வெளிப்படையான விதி வேண்டும் என்று 2015இல் மாநிலம் சட்டமே போட்டது. மகளின் மதிப்பெண் பட்டியலைக் காட்டி, பள்ளி மாவட்டத்தின் விதியைக் கேட்டு வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த முகவரி எந்தப் பள்ளிக்கு உரியது என்பதையும் சரிபாருங்கள். சன்னிவேலின் ஒரு பகுதி ஹோம்ஸ்டெடுக்குப் போகிறது.