சோக்கைத் தள்ளினால் உதறுகிறது: மாருதி 800 ஐடிலிங் தொல்லை

வணக்கம் நண்பர்களே. 1997 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. காலையில் சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் குமிழ்) இழுத்து ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) சீராக இருக்கும். சூடேறி சோக்கை உள்ளே தள்ளியதும் ஸ்டீயரிங் வரை உதறல்; சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். ஓட்டத்தில் குறையில்லை. பிளக், ஏர் ஃபில்டர் புதுசு. ஐடில் ஸ்க்ரூவை ஏற்றிவைத்து ஓட்டலாம்தான், அது வைத்தியம் இல்லையே!

நேற்று கார்புரேட்டரின் அடிப்பக்கம் லேசாகக் கிளீனர் ஸ்ப்ரே அடித்தேன். அடித்த நொடியே ஆர்.பி.எம். ஏறி உதறல் நின்றது. ஸ்ப்ரே ஏதோ இடைவெளி வழியே உள்ளே போய் எரிந்திருக்கும்; அங்கேதான் காற்று இழுக்கிறது என்று நினைக்கிறேன். மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார், மனசு ஒப்பவில்லை.

அடி கேஸ்கெட் (கார்புரேட்டருக்கு அடியில் காற்று கசியாமல் அடைக்கும் தகடு) மட்டும் மாற்றினால் போதுமா? ஃபிளாஞ்ச் (கார்புரேட்டரின் அடியில் பொருந்தும் தட்டையான விளிம்பு) வளைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்யூம் ஹோஸ்களில் (எஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் ரப்பர் குழாய்கள்) எதை முதலில் பார்க்கலாம்? கழற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.