பேர்லவுக் சூப் வைத்த கதைகள்: காட்டில் பறித்தவர்கள், பறித்து மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

டிராம்43 (வியன்னா):
மார்ச் பிறந்தால் போதும், இங்கே காய்கறிக் கடை வாசல்களில் நீள நீளமான பச்சை இலைக் கட்டுகள் வந்து உட்கார்ந்துவிடும். கிட்டப் போனால் பூண்டு வாசனை. பேர்லவுக் என்பார்கள். பேர் என்றால் கரடி, லவுக் என்றால் வெங்காயம் பூண்டு வகையறா. குளிர்காலத் தூக்கம் கலைந்த கரடி முதலில் தேடித் தின்பது இதைத்தானாம், அப்படி ஒரு கதை. இந்த ஊர்க்காரர்களுக்கு வசந்தம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமே இந்த இலையில் வைக்கும் சூப்தான்.

நான் வந்த முதல் வருடம் 43ஆம் நம்பர் டிராமில் கடைசி நிறுத்தமான நொய்வால்டெக் வரை போய், அங்கிருந்து வீனர்வால்ட் காட்டுக்குள் சும்மா நடந்தேன். மரங்களில் இன்னும் ஒரு இலை இல்லை, ஆனால் தரை முழுக்கப் பச்சை, நூறு பேருக்கு ரசம் வைக்க யாரோ பூண்டு தட்டுகிற மாதிரி வாசனை. கீரையைக் கண்டால் நமக்குக் கை சும்மா இருக்குமா? கொத்துக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் துணிப்பை நிறையத் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கீழ் வீட்டுப் பாட்டி மாடிப்படியிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். "காட்டிலிருந்தா?" என்று கேட்டவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பையை வாங்கிக்கொண்டு தன் சமையலறைக்குள் போய் மேஜையில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டினார். அப்புறம் ஒவ்வொரு இலையாக எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், முக்கால் மணி நேரம். எனக்கோ பசி, கொஞ்சம் அவமானமும். முருங்கைக்கீரை உருவி வளர்ந்தவளுக்கு இலை பார்க்கத் தெரியாதா என்ன!

தெரியவில்லை. மூன்று இலைகளைத் தனியே எடுத்து வைத்தார். பளபளப்பு கூடுதல், நரம்புகள் வலை மாதிரி பின்னிக் கிடந்தன. பேர்லவுக்கில் நரம்பு நேர்கோடாக நீளவாட்டில் ஓடும். அந்த மூன்றும் ஆரோன்ஷ்டாப் என்ற செடியின் குருத்திலைகள், பேர்லவுக்குக்கு நடுவிலேயே முளைக்கும். நம் சேம்பு, கருணைக்கிழங்குக் குடும்பம்தான். கருணை நாக்கை அரிக்குமே, அந்த அரிப்பு பல மடங்கு, வாயும் தொண்டையும் எரிந்து வீங்கிவிடும். "முகர்ந்து பார்த்துத்தானே பறித்தேன்" என்றேன். என் கையைப் பிடித்து என் மூக்கருகே கொண்டுபோனார். விரலெல்லாம் பூண்டு. பத்து இலை பறித்த பிறகு புல்லைக் கிள்ளினாலும் பூண்டு வாசனைதான் வரும்.

இது லேசானது, உயிரை எடுக்கிற இரண்டு வேறு இருக்கின்றன என்றார். ஒன்று மைக்ளொக்கென், மே மாதம் வெள்ளை மணி மணியாகப் பூக்கும், ஒரே தண்டிலிருந்து இரண்டு இலை வரும், இலையின் அடிப்பக்கம் மினுங்கும். மற்றது ஹெர்ப்ஸ்ட்ஸைட்லோஸே, இலையுதிர் காலத்தில் பூக்கிற செடி. இதற்குக் காம்பே இல்லை, விறைப்பான இலைகள் ஒரே கொத்தாக நேரே மண்ணிலிருந்து கிளம்பும். பேர்லவுக்கில் ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியாக ஒரு மெல்லிய காம்பு, அடிப்பக்கம் மங்கலாக இருக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு இலை, காம்போடு, பார்த்துப் பறி, கொத்தாகப் பிடிக்கிறவள் காட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு திட்டு.

சரி, சூப். அன்று ராத்திரியே நான் என் புத்திப்படி வைத்தேன், அதாவது கீரை வேகவைப்பது போல இருபது நிமிடம். வைக்கோல் நிறத்தில் ஒரு தண்ணீர் வந்தது, பூண்டு வாசனை பூராவும் ஜன்னல் வழியே போய்விட்டது. பாட்டி ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் சமையலறையில் கற்றுக்கொண்டது இது, நான்கு பேருக்கு.

ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி 30 கிராம் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்க வேண்டும். அதில் ஒரு ஸ்பூன் மைதா தூவிக் கிளற வேண்டும், இந்த வெளிர் நிற மாவுக்கூட்டுக்கு ஐன்மாக் என்று பெயர், சிவந்துவிட்டால் அது வேறு பெயர், வேறு குழம்புக்கு. மாவாக உதிரும் உருளைக்கிழங்கு கால் கிலோ, சின்னத் துண்டுகளாக. அவர்கள் உருளையை எர்டேப்ஃபல் என்பார்கள், மண் ஆப்பிள். ஜெர்மனிக்காரர்களின் வார்த்தையை நான் சொன்னபோது பாட்டி முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். காய்கறி வேகவைத்த தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி, கிழங்கு குழைகிற வரை வேகட்டும். பிறகு ஷ்லாகோபர்ஸ், அதாவது க்ரீம், 125 மில்லி சேர்த்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகுதான் இலை! கழுவி நறுக்கிய இலை 120 கிராம் போல, உடனே மத்து போன்ற அந்தக் கை மிக்ஸியை விட்டு அடிக்க வேண்டும். உப்பு, மிளகு, ஜாதிக்காயைத் துருவி ஒரு சிட்டிகை. மறுபடி கொதிக்கவிட்டால் முதல் நாள் கதைதான். வெண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளை மேலே போட்டுச் சுடச்சுடக் குடிக்க வேண்டும்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

வடமராட்சிப் பெடியன் (இன்ஸ்ப்ருக்):
அக்கா, நீங்கள் சொன்ன ஹெர்ப்ஸ்ட்ஸைட்லோஸே என்ற அந்த நீளப் பெயர்ச் செடியில் இருக்கிற நஞ்சு கொல்கிசின். எங்கள் கார்த்திகைக் கிழங்கில் இருப்பதும் அதேதான், தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்பீர்கள், செங்காந்தள். ஊரில் வேலியில் படர்ந்து கிடக்கும், கிழங்கைத் தொட்டாலே அம்மம்மா கை கழுவச் சொல்லி விரட்டுவா. இங்கே வந்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், கவுட் என்கிற மூட்டுவாதத்துக்கு டொக்டர் எழுதுகிற குளிசையும் அதே சாமான் என்று தெரிந்தது. அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

இரண்டு விசயம் எல்லாரும் கவனியுங்கள். அவித்தால் இந்த நஞ்சு போகாது, சூப்பாக வைத்தாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, சில மணித்தியாலம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவோம். ஒஸ்ரியாவில் இப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் பொறுத்துப் பார்க்க வேண்டாம், வியன்னாவில் நச்சுத் தகவல் மையம் இரவு பகலாக எடுக்கும், 01 406 43 43. மிச்ச சூப்பைக் கொட்டாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

நான் காட்டில் பறிப்பதே இல்லை, கடைக் கட்டுத்தான்.

கிராட்ஸ் மருமகள்:
வடமராட்சித் தம்பி பயமுறுத்தினாலும் சரியாகத்தான் சொல்கிறார். என் மாமியார் ஸ்டைரியா மாநிலத்தில் கிராமத்துக்காரர், அவர் பேர்லவுக்கை "நகரத்து ஃபேஷன்" என்பார். அவருக்கு வசந்த சூப் என்றால் ஈஸ்டருக்கு முந்தின வியாழன் வைப்பதுதான். க்ரூன்டோனர்ஸ்டாக், பச்சை வியாழன். அன்று பச்சையாக ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும், பாதி நாட்டில் பசலை மசியலும் அரைவேக்காட்டு முட்டையும் உருளையும். மாமியார் வீட்டில் ஒன்பது இலை சூப். பச்சை என்பது நிறமே இல்லை, அழுவதைக் குறிக்கிற ஒரு பழைய சொல் மருவியது என்று சிலர் சொல்வார்கள். மாமியாரிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன், "அழுதுகொண்டு எவன் சூப் குடிப்பான்" என்றார்.

ஒன்பதும் தோட்டத்திலேயே கிடைக்கும், பாதி களை. ப்ரென்னஸல் கொழுந்து (நம் செந்தட்டி மாதிரி கையை எரிய வைக்கும், கையுறை போட்டுப் பறித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் சாது), புளிப்புக்கு ஸவராம்ப்ஃபர், கசப்புக்கு டேன்டேலியன் குருத்து, நீள இலைக் களை ஒன்று, டெய்சி, வெங்காயத்தாள் மாதிரி ஷ்னிட்லவுக், அப்புறம் கீர்ஷ். கீர்ஷ் ஒரு முறை தோட்டத்துக்குள் வந்துவிட்டால் உங்கள் பேரன் காலம் வரை போகாது, காம்பை விரலில் உருட்டினால் முக்கோணமாகத் தட்டும், அதுதான் அடையாளம். ஒன்பது கிடைக்காத வருடம் ஏழு. ஒரு வருடம் எட்டுதான் கிடைத்தது, மாமியார் ஜன்னல் தொட்டியிலிருந்து பார்ஸ்லியைக் கிள்ளிப் போட்டுக் கணக்கை முடித்தார்.

முதல் வருடம் நான் கசப்பு இலையை அள்ளிப் போட்டுவிட்டேன். யாராலும் குடிக்க முடியவில்லை, மாமனார் மட்டும் மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முழுக் கிண்ணமும் குடித்தார். இன்றுவரை அதை யாரும் மறக்கவில்லை, நானும்தான்.

இன்னொன்று, ஸ்டைரியாவில் எந்தப் பச்சை சூப்பாக இருந்தாலும் மேலே நாலு சொட்டு பூசணி விதை எண்ணெய் விடாமல் மேஜைக்கு வராது. கரும்பச்சையாக, வறுத்த வேர்க்கடலை வாசம். டிராம்43, உங்கள் சூப்பில் விட்டுப் பாருங்கள்.

விடுதி அறை 212:
நாங்கள் மூன்று பேர் பொதுச் சமையலறையில் இதை வைத்தோம். வாசனை மூன்றாம் மாடி வரை போய், கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள், தயவுசெய்து ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமைக்கவும் என்று. இத்தனை நாள் சாம்பாருக்குத்தான் ஒட்டுவார்கள், இந்த முறை அவர்கள் சொந்த ஊர்ச் சூப்புக்கே ஒட்டியது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஒரு கேள்வி: இலை மிஞ்சிவிட்டது, காய வைக்கலாமா?

டிராம்43 (வியன்னா):
212, காய வைத்தால் வாசனை போய்விடும், வெறும் புல். எண்ணெயும் உப்பும் சேர்த்துத் துவையலாக அரைத்து ஃப்ரீசரில் வையுங்கள். தேவைப்படும்போது ஒரு ஸ்பூன் சூப்பில் கரைத்தால் போதும்.

தம்பி, பாட்டியிடம் நீங்கள் சொன்ன மூட்டுவாத மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். அவர் அதைத்தான் சாப்பிடுகிறாராம்.

மருமகள் அக்கா, பூசணி எண்ணெய் வாங்கியாயிற்று. ஆனால் நேற்று நொய்வால்டெக்கில் வெள்ளைப் பூ வந்துவிட்டது, பூத்த பிறகு இலை முரட்டுச் சுவை. மொட்டு மட்டும் ஒரு கை பறித்து வினிகரில் போட்டு வைத்திருக்கிறேன், சூப் அடுத்த மார்ச்தான்.